பெண்கள் பக்கம் உட்கார்ந்த கிதார்

என் பாட்டு போன கதையை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள், அதில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லாத மாதிரி, பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்ட சேதியைச் சொல்லுகிற மாதிரி சொல்லுவார்கள். அதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் வந்து "அப்படியாமே" என்று நிற்காதீர்கள். போனது என் பாட்டு. நானே சொல்லுகிறேன், உட்காருங்கள். பாட்டுதான் போனது, பேச்சு போகவில்லை. பேச்சு முன்னைவிடக் கூடிவிட்டது என்று என் மாமியாரே சாட்சி சொல்லுவாள்.

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள்தான் நானும். இந்தக் கதையில் சொல்லுவேன். ஜெயசிங். கடலோர ராகங்கள் இன்னிசைக் குழு ஜெயசிங். எங்கள் தேரிவிளையில் தொடங்கிச் செம்மண் தேரி முடிகிற வரைக்கும் எந்த அம்மன் கோவிலில் கொடைத் திருவிழாவானாலும், எந்தச் சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையானாலும், எந்த வீட்டில் சடங்கானாலும் எங்கள் வேன்தான் போகும், அவர் கிதார் வாசிப்பார், நான் பாடுவேன், எனக்குக் கைதட்டு நிறைய விழும், அவருக்குக் கொஞ்சம் விழும், வீடு திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருவார், நான் அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய கிதார் தூத்துக்குடியில் மெர்சி ஆச்சி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆச்சியின் வீட்டுக்காரர் கொழும்பில் பேண்டு வாசித்தவர், கடைசியாகக் கப்பலேறி வந்தபோது துணிமணியை விட்டுவிட்டு அதை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவர், வந்து செத்தும் போனவர். வெளுத்த ஆகாசக் கலர், பெயின்ட் பொடிப்பொடியாக வெடித்திருந்தது, பிடிக்கிற இடத்தில் ஒரு ஆளின் வியர்வை மரத்துக்குள் இறங்கிக் கறுத்திருந்தது. உலகத்தில் எல்லாச் சாமானுக்கும் புதுசுக்கு மதிப்பு, கிதாருக்கு மட்டும் பழசுக்கு மதிப்பு, மரம் காயக் காயச் சத்தம் கனியும் என்று ஜெயசிங் சொல்லிச் சொல்லி என் காது புளித்துப்போயிற்று. ஆச்சி அதை விற்கமாட்டேன் என்றாள். ஒண்டியாக இருக்கிறேன், கீர்த்தனை வாசிக்க ஒரு ஆர்மோனியம் கொண்டு வா, இதை எடுத்துக்கொண்டு போ என்றாள். எங்கள் அப்பா எனக்குக் கல்யாணத்துக்குத் தந்த ஆர்மோனியம் வீட்டில் இருந்தது. ஜெயசிங் என்னைக் கேட்டுத்தான் கொடுத்தார், பொய் சொல்லக் கூடாது. வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுக் கேட்டார்.

கொண்டுவந்து மாட்டி வாசித்தால் சத்தம் சளி பிடித்த ஆள் தலையணைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. தந்திக்கு அடியில் கறுப்பாக இரண்டு கட்டை இருக்கும், பாதி சோப்புக்கட்டி அளவு, பிக்கப் என்பார்கள். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும், மேலே தந்தி அதிர்ந்தால் அந்த அதிர்வை இதுதான் பிடித்துச் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டிக்கு அனுப்புகிறது. உப்புக்காற்றில் கம்பி செத்துப்போயிருந்தது. புதுப் பிக்கப் வாங்கிப் போட்டால் கிதாரின் பழமை போய்விடும், காந்தம் அதுவே இருக்கட்டும், கட்டை அதுவே இருக்கட்டும், கம்பியை மட்டும் புதுசாகச் சுற்றவேண்டும் என்று ஜெயசிங் பிடிவாதமாக நின்றார். பம்பு மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுகிற சுடலைமணி அண்ணாச்சி கடை எங்கள் பஜாரிலேயே இருந்தது.

"கட்டிரலாம்," என்றார் சுடலைமணி. "ஆனா இவ்வளவு சன்னக் கம்பி மிஷின்ல போட்டா அத்துரும். கையாலதான் சுத்தணும். எண்ணிக்கையும் தப்பக்கூடாது, இழுப்பும் தப்பக்கூடாது. தாளம் தப்பாத ஆளு யாராவது பக்கத்துல இருந்து பாடுனா, அந்தத் தாளத்துக்கே என் கை சுத்திரும். ஒரு அடிக்கு இவ்வளவு சுத்துன்னு கணக்கு வச்சிக்கிடலாம்."

அவர் என்னைப் பார்க்காமல் ஜெயசிங்கைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். ஜெயசிங் அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் என்னவோ பேசினார். ஆம்பிளைகள் கூலி பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு திரும்பி வந்து, "பியூலா, உன்னை விட்டா தாளம் தப்பாத ஆளு இந்த ஜில்லாவுல யாரு இருக்கா?" என்றார். கட்டின நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. உச்சி குளிர்ந்து போயிற்று எனக்கு.

கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து பாடினேன். காலையில் ஆரம்பித்துக் கீர்த்தனைகளைப் பாடினேன், அது முடிந்து கொடைப் பாட்டுகளைப் பாடினேன், கல்யாண வீட்டில் பெண்ணழைக்கிற பாட்டு, மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு, ஒப்பாரி, என் மகள் ஷெர்லியைத் தூங்கவைக்கிற பாட்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் பாடினேன், சுடலைமணியின் கை சுற்றிக்கொண்டே இருந்தது, விளக்கு வைக்கிற நேரத்தில் பால வயசில் ஞாயிறு பள்ளியில் படித்ததையும் பாடிவிட்டேன், அதற்கப்புறம் எனக்குப் பாட்டு மிச்சமில்லை, கட்டையும் நிறைந்துவிட்டது. கம்பி அசையாமல் இருக்க மெழுகில் முக்கி எடுக்கவேண்டும் என்றார்கள். சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை நான்தான் பொறுக்கிக்கொண்டு வந்து உருக்கிக் கொடுத்தேன். தந்திகள் கீழே போய் முடிகிற பக்கத்தில் அதை மாட்டினார்கள். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தன மாரியம்மன் கோவில் கொடை. ஜெயசிங் முதல் தந்தியைத் தட்டினார். கிதாருக்குள்ளிருந்து என் குரல் வந்தது, வார்த்தையோடு வந்தது, நான் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி, நான் இழுக்கிற இடத்தில் இழுத்து வந்தது. நான் மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தேன், ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற மாதிரி வரிகள் வந்து விழுந்தன, ராகம் இல்லை. மைக்செட்காரர் என் மைக்கை இறக்கிவிட்டுக் கிதாரை ஏற்றினார். கூட்டத்தில் ஒருத்தர் கூட ஏன் என்று கேட்கவில்லை. கைதட்டு வழக்கத்தைவிடக் கூடுதலாக விழுந்தது. முதல்தடவையாக அது முழுக்க ஒரே ஆளுக்கு விழுந்தது.

தூத்துக்குடியில் டாக்டரிடம் போனோம். டார்ச் அடித்துப் பார்த்தார், தொண்டை சுத்தமாக இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்றார். சுடலைமணியிடம் போனேன். "அதுக்கென்ன, நீ பக்கத்துல நிக்க, நான் கம்பியத் திருப்பிச் சுத்தி எடுத்தா, போன மாதிரியே வந்து ஏறிக்கிடும். ஒண்ணு, கம்பி அறுபடாம எடுக்கணும். அறுந்தா அம்புட்டுத்தான்," என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

"எடுத்துரலாம்," என்றார் ஜெயசிங். "இந்தக் கொடை சீசன் முடியட்டும்."

கொடை முடிந்தது, அசனம் வந்தது. அசனம் முடிந்தது, கிறிஸ்மஸ் வந்தது. கிறிஸ்மஸ் முடியட்டும் என்றார், பங்குனி முடியட்டும் என்றார், முடிகிறதெல்லாம் முடிந்துகொண்டே இருந்தது, வருகிறதெல்லாம் வந்துகொண்டே இருந்தது.

ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். கோவில் கமிட்டியில், குரல் அதே குரல்தானே, நமக்கென்ன, என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, கிதாருக்கே பொன்னாடை போர்த்தினார்கள். சர்ச்சில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கிதார் எந்தப் பக்கம் என்று சேகரத்துப் பாதிரியார் தலைமையில் கூடிப் பேசினார்கள், தொடுகிறவர் ஆண் என்றார் ஒருவர், பாடுகிறது பெண் என்றார் இன்னொருவர், டீ வந்து ஆறிப்போகிற வரைக்கும் பேசி, கிதார் பெண்கள் பக்கம்தான் உட்காரவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பாடகர் குழுவில் என் நாற்காலியிலேயே அதை உட்காரவைத்தார்கள், முக்காட்டுக்கு ஒரு வெள்ளைத் துணியும் போட்டார்கள், ஜெயசிங் நடுப்பாதையில் ஆண்கள் பக்கத்து ஓரமாக நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டி வாசித்தார். நான் பின்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் சங்கத்தில் வருகை எடுக்கும்போது பியூலா ஜெயசிங் என்று கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் தலைவி கிதாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாள்.

பெண்கள் என்னைவிட அதற்குத்தான் அதிகம் செய்தார்கள். கண்பட்டுவிடும் என்று அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள், மழைக்காலத்தில் சத்தம் கரகரத்தால் பக்கத்தில் பனங்கற்கண்டும் மிளகும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், தூங்காத பிள்ளைகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "உன் குரல் எங்க வேணும்னாலும் கிடைக்கி, உன் வாய் மட்டும் உன்கூடவே கிடக்கு, ஆண்டவர் நல்லாத்தான் பிரிச்சிருக்காரு," என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ஞானப்பூ மதினி. நான் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த சாயங்காலத்துக்கு மறுநாள் என்னை வழியில் மறித்து, "நேத்து உடன்குடி கல்யாணத்துல என்னமா பாடுன," என்று கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். நான் போகவில்லையே என்றால், ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கு நான் போன மாதிரிதான்.

முதலில் எல்லாம் என்னை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான் வாயை அசைத்தால் போதும், ஜனங்களுக்குப் பார்க்க ஒரு முகம் வேண்டும் என்றார் ஜெயசிங். சும்மா வாயசைக்கிறது இருக்கிறதே, அது வெறும் இலையின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி கை காட்டுகிறது. அதையும் செய்தேன். பிறகு ஒருநாள் புது ஸ்பீக்கர் பெட்டி வாங்கினார்கள், வேனில் ஏற்றினார்கள், என் சீட்டில் அது உட்கார்ந்துவிட்டது. "நீ எதுக்கு அலையணும்," என்றார்.

ஷெர்லிக்கு அப்போது ஏழு வயசு. ஆள் முகம் பார்த்தால் என் முந்தானைக்குள் போய் ஒளிகிற பிள்ளை. அதற்கு நல்ல தொண்டை, என்னுடையதைவிடக் கனமான, கீழே நின்று தாங்குகிற குரல். ஆனால் தானாகப் பாடாது. நான் ஒரு வரி பாடினால் அது அந்த வரியைப் பாடும், நான் நிறுத்தினால் நிறுத்திவிடும். என் பாட்டு போனபிறகு அது பாடவே இல்லை. கிதார் கிடக்கிற கட்டிலோரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அதன் கூட்டாளிப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "எனக்கு ரெண்டு அம்மா. பாடுத அம்மா ஒண்ணு, ஏசுத அம்மா ஒண்ணு." நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

இனி ஒரு பண்டிகைக்கும் காத்திருக்கமாட்டேன் என்று அன்றைக்கே சுடலைமணி கடைக்குப் போய் நின்றேன். "அண்ணாச்சி, எப்படியாவது அந்தக் கிதாரை உங்ககிட்ட கொண்டு வாறேன், பிரிச்சுக் குடுத்துருங்க."

சுடலைமணி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஏன் பியூலா, மனசு மாறிட்டியா? நீ சம்மதிச்சுத்தான குடுத்த?"

"என்னத்த சம்மதிச்சேன்?"

"நான் ஆரம்பத்துலயே ஜெயசிங்கிட்ட சொன்னேம்லா. பம்பு மோட்டார் கட்டும்போது நான் விசிலடிச்சிக்கிட்டே கட்டுனா அந்த மோட்டாரு விசிலடிக்கும், எனக்கு விசில் வராது. சன்னக் கம்பி இன்னும் பொல்லாதது, பாடுதவளுக்குப் பாட்டு போயிரும், யோசிச்சுக்கிடுங்கன்னேன். அவகிட்ட சொல்லிட்டேன், அவளுக்குச் சம்மதம்னாரு. என்ன மனசுடா இந்தப் பிள்ளைக்குன்னு நான் வீட்டுல போயிக்கூடச் சொன்னேன்."

கூலி பேசினார்கள் என்று நினைத்தேனே. என்னை விற்றல்லவா பேசியிருக்கிறார்கள். தாளம் தப்பாத ஆளு இந்த ஜில்லாவுல யாரு இருக்கா என்று அவர் கேட்டபோது என் உச்சி குளிர்ந்ததே, அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது, பாட்டு போனதுகூட அப்புறம்தான்.

வீட்டுக்கு வந்தேன். அவர் கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் என்னைப் பாட வச்சியளா?"

துடைக்கிற கை நிற்கவில்லை. "சொல்லியிருந்தா நீ பாடியிருக்கமாட்ட," என்றார்.

அவ்வளவுதான் பதில். பதினோரு வருஷக் குடித்தனம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. பானை சட்டியெல்லாம் முற்றத்துக்குப் போனது, தெரு கூடிவிட்டது, கூடின தெரு அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, "ஊருக்கே நல்லதாத்தான முடிஞ்சிருக்கு," என்று எனக்குச் சமாதானம் சொன்னது. அன்றிலிருந்து கிதார் பெட்டிக்குப் பூட்டு வந்தது.

பிறகு கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் பேச்சு கிளம்பியது. ஒரு பிக்கப் இப்படிப் பாடுகிறது, இன்னொன்று தூங்குகிறது, கீழ்க்குரல் ஒன்று சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஜெயசிங் ஷெர்லிக்குச் சரிகைப் பாவாடை எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளையை இதுவரை மடியில் தூக்கி வைக்காத ஆள். எனக்குப் புரிந்துவிட்டது. சுடலைமணியிடம் போய், என் வாயால் நானே சொல்லாமல் என் பிள்ளை பேரில் ஒரு சுற்று சுற்றினால் உங்கள் கடை வாசலிலேயே மண்ணெண்ணெயை ஊற்றிக்கொள்ளுவேன் என்றேன். நீ சொல்லாமல் தொடமாட்டேன் தாயி என்றார் அவர். ஜெயசிங்கைக் கூப்பிட்டுப் பிள்ளையின் தலையில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தார். "தொடமாட்டேன்," என்றார். கை தலையில் இருந்தது, கண் கிதார் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டும் நம்பினேன், நம்பாமல் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கிறது?

வைகாசியில் ஒரு மத்தியானம் மில்லில் மிளகாய் திரிக்க நின்றுகொண்டிருந்தேன். ஞானப்பூ மதினி தலையில் மாவுச் சட்டியோடு வந்தாள், என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தாள்.

"என்ன பியூலா, அம்மையும் மவளும் சுடலைமணி கடையில சேந்து பாடுதிய, பஜாரே நின்னு கேக்கு. இப்பத்தான் கேட்டுட்டு வாறேன்."

மிளகாய்த்தூள் கையோடு அவள் எதிரில் நின்றுகொண்டிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தே இதைச் சொல்லுகிறாள்.

ஓடினேன். பஜார் திரும்பும்போதே என் குரல் கேட்டது, ஷெர்லியைத் தூங்கவைக்கிற பாட்டு, ஒரு வரி பாடி நிறுத்துகிறது. அது நிற்கிற இடத்தில் என் பிள்ளையின் குரல் அதே வரியை எடுக்கிறது, கனமாக, நிதானமாக, தாளம் தப்பாமல். அடுத்த வரிக்கு என் குரல் போகிறது, அதன் பின்னாலேயே பிள்ளை போகிறது. கடை வாசலில் ஆட்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள். எனக்கு வழிவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டூலில் ஷெர்லி, சரிகைப் பாவாடையில். பக்கத்தில் ஜெயசிங், மடியில் கிதார். சுடலைமணி குனிந்து சுற்றிக்கொண்டிருந்தார், கட்டை முக்கால்வாசிக்கு மேல் சிவந்திருந்தது. என் கை தானாகப் போனது. மெல்லிசான கம்பி, அறுத்ததே எனக்குத் தெரியவில்லை, சுடலைமணி தலையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார், கிதாரைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனது. "நீ சம்மதிச்சுட்டன்னு ஜெயசிங் சொன்னாரு. நான் நம்பல தாயி, சத்தியமா நம்பல, அவ வாயால சொல்லட்டும்னேன். பெறவு உன் குரலே வந்து முன்னால நின்னு பாடும்போது நான் என்னத்த நினைக்க?"

ஜெயசிங் தரையில் முட்டி போட்டு அறுந்த நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். "பாதியில அறுத்துட்டியே பாவி," என்றார். "இனி முன்னாலயும் போகாது, திரும்பியும் வராது."

அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் ஸ்டூலின் முன்னால் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன், பாடு, ஒரு வரி பாடு, அம்மாவுக்காக ஒரே ஒரு வரி, என்றேன். வாயைத் திறந்தாள். வார்த்தை வந்தது, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி வந்தது. திரும்ப ஒருதடவை திறந்தாள், அதே மாதிரி வந்தது. என் கை மிளகாய் அவள் கண்ணில் பட்டு எரிந்து தண்ணீர் கொட்டியது, அவள் அதைத் துடைக்கவும் இல்லை, என் கையைத் தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நீதான பாடக் கூப்பிட்ட," என்றாள். "நீ கூப்பிட்டதுனாலதான நான் வந்தேன். பெறவு ஏம்மா அறுத்த?"